கப்பலுக்குப் போக நினைக்கும் தம்பிக்கு: கண் சோதனையில் இருந்து முதல் கப்பல் வரை

லீவில் ஊருக்கு வந்தால் போதும், யாராவது ஒரு பையனைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுவார்கள். "அண்ணே, இவன் கப்பலுக்குப் போகணுங்கிறான். என்ன படிக்கணும், எவ்வளவு சம்பளம் வரும்?" நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: "கண் டாக்டரைப் பார்த்தாச்சா?" கேள்வி கேட்டவர்களுக்குச் சப்பென்று ஆகிவிடும். ஆனால் மெர்ச்சன்ட் நேவிக்கு அங்கேதான் ஆரம்பம். நான் ரேட்டிங், அதாவது அதிகாரி அல்லாத கப்பல் ஊழியர் பயிற்சி எடுத்து, டெக் எனும் மேல்தளப் பக்கம் போனவன். அந்தப் பயிற்சி நாட்களில் கற்றதையும், பிறகு கப்பலில் எது உதவியது, எது இன்னும் நன்றாகச் சொல்லித் தந்திருக்கலாம் என்று தோன்றியதையும் வைத்து இதை எழுதுகிறேன்.

முதலில் கண்

பல வண்ணப் புள்ளிகளுக்கு நடுவே ஒரு எண் ஒளிந்திருக்கும் அட்டைகளைப் பார்த்திருப்பீர்கள். இஷிஹாரா சோதனை என்பது அதுதான். முதல் அட்டையில் இருக்கும் 12 எல்லோருக்கும் தெரியும், நிறக்குறை உள்ளவருக்கும்கூட. அதைப் படித்துவிட்டு "இவ்வளவுதானா" என்று நிமிர்ந்து உட்கார்ந்த பையன், நாலாவது அட்டையில் வெறும் புள்ளிகளை வெறித்துக்கொண்டிருந்ததை மருத்துவ அறை வரிசையில் நின்று பார்த்திருக்கிறேன். அவன் அப்பா அதற்குள் முன்பணம் கட்டிவிட்டார்.

ஏன் இவ்வளவு கறார்? இரவில் எதிரே வரும் கப்பலில் இடப்பக்கம் சிவப்பு விளக்கு, வலப்பக்கம் பச்சை. சிவப்பு மட்டும் தெரிந்தால் அதன் இடப்பக்கம் நம்மைப் பார்த்திருக்கிறது, பச்சை மட்டும் தெரிந்தால் வலப்பக்கம். இரண்டும் சேர்ந்து தெரிந்தால் நேராக நம்மை நோக்கி வருகிறது. அந்த நிறத்தை மாற்றிச் சொல்பவனை லுக்-அவுட்டுக்கு, அதாவது கடலைக் கண்காணிக்க, நிறுத்த முடியாது. அட்டைகளை மனப்பாடம் செய்து தேறிவிடலாம் என்று யோசனை சொல்பவர்கள் இருக்கிறார்கள். டாக்டர் வரிசையை மாற்றிக் காட்டினால் அந்த யோசனை அங்கேயே முடிந்துவிடும். ஒருவேளை தப்பித்துவிட்டால் இன்னும் மோசம்.

டெக் பக்கம் போகிறவருக்குக் கண்ணாடி இல்லாமலே தூரப் பார்வை தெளிவாக இருக்க வேண்டும். எஞ்சின் பக்கம் பார்வையில் கொஞ்சம் தளர்வு உண்டு, நிறத்தில் கிடையாது. முதலில் பக்கத்து ஊர்க் கண் மருத்துவமனையில் நிறப் பார்வையையும் தூரப் பார்வையையும் பார்த்துவிடுங்கள். பிறகு கப்பல் போக்குவரத்து இயக்குநரகம், அதாவது டிஜி ஷிப்பிங், அங்கீகரித்த மருத்துவரிடம் முழுச் சோதனை. இந்த இரண்டும் முடியாமல் யாருக்கும் ஒரு ரூபாய் தராதீர்கள்.

எந்த வாசல் வழியாகப் போவது

பத்தாம் வகுப்பு முடித்தவருக்கு ஜிபி ரேட்டிங், அதாவது டெக், எஞ்சின் இரண்டுக்கும் பொதுவான ரேட்டிங் பயிற்சி. ஆறு மாதம், அங்கேயே தங்கிப் படிக்க வேண்டும். வயது பதினேழரை முதல் 25 வரை. கணக்கு, அறிவியல், ஆங்கிலம் படித்திருக்க வேண்டும். மொத்தத்தில் 40 சதவீதமும் ஆங்கிலத்தில் தனியாக 40 சதவீதமும் கேட்பார்கள். முடித்தால் டெக்கில் டிரெய்னி ஓஎஸ், எஞ்சினில் டிரெய்னி வைப்பர், இரண்டுமே கடைநிலைப் பயிற்சி வேலை. சமையல் பக்கம் போக விரும்புகிறவருக்குத் தனியாக சிசிஎம்சி என்ற ஆறு மாதப் படிப்பு இருக்கிறது. அதை யாரும் மதிப்பதில்லை. நல்ல சமையல்காரர் இல்லாத கப்பலில் ஒரு மாதம் இருந்து பார்த்தால் அந்த எண்ணம் மாறிவிடும்.

பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியல், வேதியியல், கணிதம் சேர்ந்து 60 சதவீதம் இருந்தால் அதிகாரி ஆகும் வழி திறக்கிறது. அதற்கு ஐஎம்யூ சிஇடி என்ற நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். அதை நடத்தும் இந்தியக் கடல்சார் பல்கலைக்கழகம் (ஐஎம்யூ) 2008-இல் தொடங்கியது, தலைமையகம் நம் சென்னையில்தான் இருக்கிறது. டிஎன்எஸ் என்ற நாட்டிகல் சயின்ஸ் டிப்ளமோ ஒரு வருடம், அப்புறம் பதினெட்டு மாதம் கேடட்டாக, அதாவது பயிற்சி அதிகாரியாக, கடலில். பிஎஸ்சி நாட்டிகல் சயின்ஸ் என்றால் மூன்று வருடம், பிறகு பன்னிரண்டு மாதம் கடல். இரண்டுமே செகண்ட் மேட் என்ற டெக் அதிகாரித் தேர்வில்தான் போய்ச் சேரும். எஞ்சின் அதிகாரிக்கு நான்கு வருட பிடெக் மரைன். மெக்கானிக்கல் பிஇ முடித்தவருக்கு ஜிஎம்இ என்ற மரைன் எஞ்சினியரிங் பயிற்சி.

என் கருத்தைக் கேட்டால், பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் இருந்து, ஏதாவது கம்பெனி ஸ்பான்சர்ஷிப்பும் கிடைத்தால் கேடட்டாகப் போங்கள். ரேட்டிங்காகப் போவதில் எந்தக் குறையும் இல்லை. அதிலிருந்து அதிகாரியாக உயர்ந்தவர்களும் இருக்கிறார்கள், ஆனால் அதற்கு மூன்று வருடக் கடல்காலம் சேர வேண்டும். அப்போது "பன்னிரண்டாம் வகுப்பு இருக்கிறதா" என்று கேட்பார்கள். பத்தோடு கிளம்பிப் போனவர்கள் முப்பது வயதில் பிரைவேட்டாகப் பரீட்சை எழுதிக்கொண்டு அவதிப்படுவதைப் பார்க்கிறேன். ரேட்டிங் வேலைக்குத்தான் போகப் போகிறோம் என்றாலும் பன்னிரண்டை முடித்துவிட்டே கிளம்புங்கள்.

பணம் கட்டும் முன் கேட்க வேண்டியது

பயிற்சிப் பள்ளியின் விளம்பரத்தில் வெள்ளைச் சீருடையும் நீலக் கடலும் இருக்கும். அதை ஓரமாக வைத்துவிட்டு இரண்டு விஷயம் பாருங்கள். அந்தப் பள்ளி, அந்தக் குறிப்பிட்ட படிப்புக்கு, டிஜி ஷிப்பிங் அங்கீகாரம் பெற்றிருக்கிறதா? இயக்குநரக இணையதளத்தில் பட்டியல் இருக்கிறது, நீங்களே தேடிப் பாருங்கள், அவர்கள் நீட்டும் ஜெராக்ஸை நம்ப வேண்டாம். அடுத்து, போன பேட்ச் பையன்கள் எந்தக் கப்பலில் ஏறினார்கள்? அதைப் பள்ளியிடம் கேட்காதீர்கள். வாசலில் டீக்கடையில் நிற்கும் பையன்களிடம் கேளுங்கள்.

உள்ளதைச் சொல்கிறேன், பயிற்சியை முடிப்பது சுலபம். முதல் கப்பல் கிடைப்பதுதான் கஷ்டம். சான்றிதழை பைக்குள் வைத்துக்கொண்டு மும்பையில் ஏஜென்ட் அலுவலகப் படிக்கட்டுகளில் காத்திருக்கும் பையன்களில் நம் ஊர்க்காரர்கள் நிறையப் பேர். அந்த அவசரத்தைத்தான் மோசடிக்காரர்கள் பயன்படுத்துகிறார்கள். "இத்தனை லட்சம் கொடு, அடுத்த வாரம் கப்பல்" என்பான். ஏதோ ஒரு நாட்டின் சிடிசி, அதாவது கடலோடி அடையாளப் புத்தகம், வாங்கித் தருகிறேன் என்பான். இன்ஸ்டிட்யூட்டே வேண்டாம் என்பான். கடைசியில் வளைகுடாவில் ஒரு பழைய இழுவைப் படகில் சம்பளமில்லாமல், பாஸ்போர்ட்டும் கையில் இல்லாமல் மாட்டிக்கொள்வது பையன்தான்.

விதி தெளிவாகவே இருக்கிறது. இந்தியாவில் கப்பலுக்கு ஆள் எடுக்கும் நிறுவனத்துக்கு ஆர்பிஎஸ்எல் என்ற ஆள்சேர்ப்பு உரிமம் வேண்டும். 2006-ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையை இந்தியா ஏற்றிருக்கிறது. அதன்படி வேலை வாங்கித் தருவதற்காகக் கடலோடியிடம் கட்டணம் வாங்கக் கூடாது. பாஸ்போர்ட், சிடிசி, மருத்துவச் சான்று இந்த மூன்றின் செலவு நம்முடையது. விசாச் செலவு கப்பல்காரருடையது. இதற்கு மேல் ஒருவன் பணம் கேட்டால், அவன் எவ்வளவு பெரிய ஏசி அறையில் உட்கார்ந்திருந்தாலும் எழுந்து வந்துவிடுங்கள்.

காகிதங்கள், அப்புறம் அந்த இனிஷியல்

வாங்க வேண்டியவை இவை: பாஸ்போர்ட், இன்டோஸ் எண் (இந்தியக் கடலோடிகளின் பதிவு எண்), அடிப்படைப் பாதுகாப்புப் பயிற்சிச் சான்றிதழ்கள், சிடிசி, மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி அட்டை, பயோமெட்ரிக் அடையாள அட்டை. ஜிபி ரேட்டிங் சேர்ந்தால் இதில் பலவற்றைப் பள்ளியே வரிசையாகச் செய்ய வைத்துவிடும். மஞ்சள் காய்ச்சல் ஊசியை ஒருமுறை போட்டால் ஆயுள் முழுக்கச் செல்லும். ஆனால் போட்டு பத்து நாள் கழித்துத்தான் அட்டை செல்லுபடியாகும், எனவே கடைசி நேரம் வரை தள்ளிப் போடாதீர்கள்.

நம் ஆட்களுக்கு மட்டும் வரும் ஒரு தலைவலி பெயர். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் பெயருக்கு முன்னால் இனிஷியல், ஆதாரில் பின்னால் இனிஷியல், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாக விரிந்து நிற்கும். நமக்கு அது ஒரே ஆள். கம்ப்யூட்டருக்கு மூன்று ஆள். இன்டோஸில் ஒரு மாதிரியும் பாஸ்போர்ட்டில் வேறு மாதிரியும் விழுந்துவிட்டால் சிடிசி நிற்கும், விசா நிற்கும், கப்பல் உங்களை விட்டுவிட்டுப் போய்விடும். முதலில் பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்து, எந்த எழுத்துக்கூட்டல் என்று முடிவு செய்துகொள்ளுங்கள். அதன் பிறகு எங்கே கையெழுத்துப் போட்டாலும் அதே எழுத்து, அதே இடைவெளி. பிறந்த தேதியையும் இப்படியே ஒத்துப் பாருங்கள்.

பள்ளிக்குள்

முதல் நாள் முடி போய்விடும். இரண்டாம் நாள் காலை ஐந்து, ஐந்தரைக்கெல்லாம் விசில் அடிக்கும். ஓட்டம், உடற்பயிற்சி, கழிவறை முதல் வராந்தா வரை நாமே கழுவுவது, அணிவகுப்பு, வகுப்பு, ஒர்க்‌ஷாப், மாலை விளையாட்டு, இரவு படிப்பு, விளக்கணைப்பு. பரேடு சொல்லித் தருபவர் பெரும்பாலும் கடற்படையில் இருந்து ஓய்வு பெற்றவராக இருப்பார், கட்டளை இந்தியில் வரும். சாவ்தான் என்றால் விறைப்பாக நில், விஷ்ராம் என்றால் தளர்ந்து நில், தஹினே முட் என்றால் வலப்பக்கம் திரும்பு. பள்ளியில் என்சிசியில் இருந்த பையன்கள் தப்பித்தார்கள். மற்றவர்கள் முதல் வாரம் முழுக்கப் பக்கத்தில் நிற்பவனைப் பார்த்தே திரும்பினோம், அவனும் பொள்ளாச்சிக்காரன்.

இந்தி பிடிக்கிறதா இல்லையா என்பது வேறு விஷயம். இந்தியர்கள் அதிகம் இருக்கும் கப்பலில் டெக்கிலும் எஞ்சின் அறையிலும் ஓடுவது அந்தப் பேச்சுதான். அங்கே சீஃப் எஞ்சினியர் "படா சாப்", மூன்றாவது எஞ்சினியர் "தீன் சாப்", நாலாமவர் "சார் சாப்". ஆறு மாதத்தில் கேட்டுக் கேட்டே வந்துவிடும், முறைத்துக்கொண்டிருந்தால் வராது. ஆங்கிலம் அதைவிட முக்கியம். இலக்கணம் பிசகினாலும் பரவாயில்லை, காதில் விழுந்த கட்டளை உடனே புரிய வேண்டும். கடலுக்கென்றே வகுத்த தொடர்கள் இருக்கின்றன, பன்னாட்டுக் கடல்சார் அமைப்பு 2001-இல் ஏற்றுக்கொண்டவை. அந்தப் புத்தகத்தைச் சேரும் முன்பே வாங்கிச் சத்தமாகப் படித்துப் பழகுங்கள்.

கொண்டு போக வேண்டியதில் பள்ளி தரும் பட்டியலுக்கு மேல் என் சேர்க்கை: நல்ல பூட்டு இரண்டு, பருத்தி பனியன் தாராளமாக, காலுறை அதைவிடத் தாராளமாக, நகவெட்டி, பாஸ்போர்ட் அளவுப் படங்கள் ஒரு கட்டு, கால் விரலிடுக்குக்குப் பவுடர். சேஃப்டி ஷூ நாள் முழுக்கக் காலில் இருக்கும், புண் வந்தால் ஓட முடியாது. பெட்டி நிறைய முறுக்கு கொண்டுபோனவனுக்கு முதல் இரவே நண்பர்கள் கிடைத்தார்கள், முறுக்கு கிடைக்கவில்லை.

சீனியர் அடித்தால், மிரட்டினால், பணம் பிடுங்கினால் பொறுத்துக்கொள்வது வீரம் என்று சிலர் சொல்வார்கள். கேட்காதீர்கள். எழுதிக் கொடுங்கள், வீட்டுக்கும் சொல்லுங்கள். கண்டிப்பு வேறு, கொடுமை வேறு. படுக்கை விரிப்பைச் சுருக்கமில்லாமல் மடி, அலமாரியில் ஒவ்வொரு பொருளும் அதன் இடத்தில் இருக்கட்டும் என்பது கண்டிப்பு. அது எதற்கென்று அன்று எரிச்சலாக இருந்தது. கப்பலில் ஒரு நள்ளிரவில் மின்சாரம் போய், இருட்டில் கைநீட்டி லைஃப் ஜாக்கெட்டையும் டார்ச்சையும் எடுத்தபோது எதற்கென்று தெரிந்தது.

கயிறு

பயிற்சியில் மற்ற எதை விட்டாலும் கயிற்றை விடாதீர்கள். எங்களுக்குக் கயிறு சொல்லித் தந்தவர் லட்சத்தீவின் மினிக்காய்த் தீவைச் சேர்ந்த ஓய்வு பெற்ற போசன், அதாவது டெக் ஆட்களின் தலைவர். அந்தத் தீவில் வீட்டுக்கு வீடு கடலோடி. குட்டையான மனிதர், பேச்சு குறைவு. முதல் வகுப்பில் ஆளுக்கு ஒரு முழம் கயிற்றைக் கொடுத்து, "இது இனிமேல் உன் பாக்கெட்டில் இருக்கணும், சாப்பிடும்போதும்" என்றார். மெஸ் வரிசையில் நிற்கும்போது திடீரென்று வந்து "போலைன்" என்பார். தட்டைக் கீழே வைத்துவிட்டுப் போட்டுக் காட்ட வேண்டும்.

போலைன் முடிச்சை இப்படிப் போடுங்கள். கயிற்றின் நீளப் பகுதியில் சின்னதாக ஒரு கண் செய்யுங்கள். முனையைக் கீழிருந்து மேலாக அந்தக் கண்ணுக்குள் எடுங்கள். நீளப் பகுதியின் பின்னால் ஒரு சுற்று, பிறகு வந்த வழியே அதே கண்ணுக்குள் இறக்கி இழுங்கள். எவ்வளவு பாரம் வந்தாலும் வளையம் நழுவாது, சுருங்காது. வேலை முடிந்ததும் விரலாலேயே அவிழ்த்துவிடலாம். ஆளை இறக்கவும் ஏற்றவும் இதை நம்புவதற்குக் காரணம் அதுதான். கண்ணைத் திறந்துகொண்டு போடத் தெரிந்தால் பாதிதான் தெரியும். கண்ணை மூடிப் போடுங்கள், முதுகுக்குப் பின்னால் போடுங்கள், கையுறையோடு போடுங்கள், கயிற்றைத் தண்ணீரில் நனைத்துவிட்டுப் போடுங்கள். இதே மாதிரி குளோவ் ஹிட்ச், ஷீட் பெண்ட், ரோலிங் ஹிட்ச், ஃபிகர் ஆஃப் எய்ட். இந்த ஐந்தும் கையில் இருந்தால் டெக்கில் பெரும்பாலான நாட்கள் ஓடிவிடும்.

ஸ்ப்ளைஸ், அதாவது புரிகளைப் பிரித்துக் கயிற்றுக்குள்ளேயே பின்னுவது, பொறுமைக்கான பாடம். நார்க்கயிறு என்றால் மூன்று சுற்றுப் பின்னலாவது வேண்டும், செயற்கை இழை வழுக்கும் என்பதால் குறைந்தது ஐந்து வேண்டும். எண்ணிக்கையைக் குறைத்துவிட்டு மேலே டேப் சுற்றி மறைத்தவனின் கயிற்றை எங்கள் போசன் ஒப்புக்கொள்ளவே இல்லை. எடையைக் கையால் பார்த்தே திருப்பிப் போட்டுவிட்டார்.

ஹீவிங் லைன் எறிவது பார்க்க வேடிக்கை, செய்யக் கஷ்டம். கப்பல் துறையை நெருங்கும்போது முதலில் போகும் மெல்லிய கயிறு இது. இதைப் பிடித்துத்தான் கரையில் இருப்பவர்கள் பெரிய கயிற்றை இழுப்பார்கள். சுருளை இரண்டாகப் பிரித்து ஒரு பாதியை எறியும் கையிலும் மறு பாதியை விரித்த உள்ளங்கையிலும் வைத்துக்கொள்ளுங்கள். காற்று வரும் திசையைக் கொஞ்சம் கணக்கில் எடுத்து, கரையில் நிற்பவரின் தலைக்கு மேலாகத் தாண்டி விழும்படி எறியுங்கள். அவர் மேலே குறிவைத்தால் ஒன்று தண்ணீரில் விழும், இல்லை அவர் மண்டையில் விழும். தூரம் போகட்டும் என்று முனைக் குமிழுக்குள் நட்டு, போல்ட்டு வைப்பது குற்றம். மைதானத்தில் ஒரு மணி நேரம் தினமும் எறியுங்கள், தோள் வலித்தால் மறு கையால் எறியுங்கள்.

கடைசியாக ஒன்று. இழுவையில் இருக்கும் கயிற்றின் நேர்கோட்டில் நிற்காதீர்கள், வளையத்துக்குள் கால் வைக்காதீர்கள். செயற்கைக் கயிறு நீண்டு நீண்டு கடைசியில் அறுந்தால் சாட்டை மாதிரி திரும்பும், கண்ணால் பார்த்து விலக நேரம் இருக்காது. எங்கே நிற்கக் கூடாது என்று முதலில் பார்த்துவிட்டு அப்புறம் வேலையில் கை வையுங்கள்.

தண்ணீரும் புகையும்

நீச்சல் தெரியாமல் சேரும் பையன்கள் கடற்கரை ஊர்களிலிருந்தே வருகிறார்கள், ஆச்சரியப்பட வேண்டாம். ஊரிலேயே கிணற்றிலோ குளத்திலோ கற்றுக்கொண்டு போங்கள். பயிற்சியில் நீச்சல் குளத்து மேடையில் இருந்து லைஃப் ஜாக்கெட்டோடு குதிக்கச் சொல்வார்கள். ஒரு கையால் மூக்கையும் வாயையும் பொத்தி, மறு கையை அதன் மேல் குறுக்காகப் போட்டு ஜாக்கெட்டைக் கீழே அழுத்திப் பிடியுங்கள். இல்லாவிட்டால் தண்ணீரில் விழும் வேகத்தில் அது மேலே எழும்பித் தாடையில் அடிக்கும். கால்களைச் சேர்த்து, பார்வையை நேராக வைத்து, குதிக்காமல் ஒரு எட்டு எடுத்து வையுங்கள். கீழே குனிந்து பார்த்தால் முகம் முதலில் விழும்.

கவிழ்ந்து கிடக்கும் லைஃப் ராஃப்டை, அதாவது காற்றடைத்த உயிர்காப்பு மிதவையை, ஒரு ஆளே நிமிர்த்துவது அடுத்தது. வாயு சிலிண்டர் இருக்கும் பக்கத்தைக் காற்று போகும் திசைக்குத் திருப்பி, அதன் மேல் ஏறி நின்று, அடிப்பகுதியில் உள்ள பட்டையைப் பிடித்துப் பின்னால் சாய வேண்டும். மறு ஓரத்தைக் காற்றே தூக்கிவிடும். ராஃப்ட் உங்கள் மேல்தான் விழும், அதற்குப் பயப்படாதீர்கள். மல்லாந்து, முகம் மேலே பார்க்க, ராஃப்டின் அடியைக் கையால் தள்ளிக்கொண்டே வெளியே வந்துவிடலாம். முதல் தடவை எல்லோரும் தண்ணீர் குடிப்பார்கள்.

தீயணைப்பில் எரியும் தொட்டியைவிடப் புகை அறைதான் பாடம். சுவாசக் கருவியை மாட்டிக்கொண்டு உள்ளே போனால் உங்கள் கையே உங்களுக்குத் தெரியாது. சுவரை ஒரு கையால் விடாமல் தொட்டபடி போய், அதே சுவரைத் தொட்டபடி திரும்ப வேண்டும். காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்து நகருங்கள், முன்னே தரை இல்லாமல் இருக்கலாம். எதையும் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். மின்சாரம் பாய்ந்த கம்பியாக இருந்தால் உள்ளங்கை அதை இறுகப் பிடித்துக்கொள்ளும், புறங்கை விலகிவிடும். பதற்றத்தில் வேகமாக மூச்சு விட்டால் அரை மணி நேரக் காற்று அதற்கு முன்பே தீரும். கருவியின் விசில் அடிக்கத் தொடங்கினால் திரும்புங்கள், "இன்னும் ஒரு நிமிடம்" கிடையாது.

பள்ளியில் வேகமாகக் கடந்துபோய்விடும் ஒரு பாடத்தை நான் இரண்டு தடவை சொல்வேன், அது மூடிய அறை. காலித் தொட்டி, நங்கூரச் சங்கிலி அறை, சரக்கு அறை, எதுவாக இருந்தாலும் சரி. நாள் கணக்கில் மூடிக் கிடந்தால் இரும்பு துருப்பிடிக்கும்போதே உள்ளே இருக்கும் ஆக்சிஜனைத் தின்றுவிடும். வாசனை வராது, மூச்சு முட்டுவதுபோலவும் தெரியாது, ஆள் அப்படியே சரிவான். உள்ளே ஆக்சிஜன் 21 சதவீதம் இருக்கிறதா என்று மீட்டரில் பார்த்து, அனுமதிச் சீட்டு எழுதிய பிறகுதான் இறங்க வேண்டும். கீழே ஒருவன் விழுந்து கிடப்பதைப் பார்த்து உடனே இறங்குபவன் இரண்டாவது பிணமாவான். அலாரம் அடியுங்கள், கத்துங்கள், ஓடிப்போய் ஆளைக் கூப்பிடுங்கள். இறங்காதீர்கள். கூட வேலை பார்த்தவன் கண் முன்னே கிடக்கும்போது இதைச் செய்வது எளிதல்ல, அதனால்தான் முன்கூட்டியே மனதில் போட்டுக்கொள்ளச் சொல்கிறேன்.

சுக்கான்

ஸ்டியரிங் பிடிக்கும்போது கேட்ட கட்டளையைச் சத்தமாகத் திருப்பிச் சொல்ல வேண்டும். "போர்ட் டென்", அதாவது இடப்பக்கம் பத்து டிகிரி, என்றால் நீங்களும் "போர்ட் டென்" என்று சொல்லிவிட்டுத் திருப்புங்கள், முள் பத்தில் வந்து நின்றதும் மறுபடி சொல்லுங்கள். திசையை ஒவ்வொரு இலக்கமாகச் சொல்வார்கள், தொண்ணூறு என்றால் "ஸீரோ நைன் ஸீரோ". வகுப்பில் இதைக் கிளிப்பிள்ளைப் பாடம் என்று சிரித்தோம். துறைமுகத்துக்குள் வழிகாட்டும் பைலட் ஒரு நாட்டுக்காரர், கேப்டன் வேறு நாட்டுக்காரர், சுக்கானில் நாம். அந்தத் திருப்பிச் சொல்லலில்தான் தவறு பிடிபடும். கேட்கவில்லை என்றால் கேட்கவில்லை என்று சொல்லுங்கள், ஊகித்துத் திருப்பாதீர்கள்.

லுக்-அவுட்டிலும் இப்படித்தான். "அங்கே ஒரு லைட்" என்றால் யாருக்கும் பயனில்லை. வட்டத்தை 32 பாயிண்டாகப் பிரித்தால் ஒரு பாயிண்ட் பதினொன்றேகால் டிகிரி. "ஸ்டார்போர்டு பக்கம் இரண்டு பாயிண்டில் ஒரு வெள்ளை விளக்கு" என்று சொல்லிப் பழகுங்கள், ஸ்டார்போர்டு என்றால் வலப்பக்கம். மொட்டை மாடியில் நின்று தெருவிளக்குகளை வைத்தே பழகலாம்.

முதல் கப்பல்

ஏறியதும் தூக்கம் வரும், பசி வரும், வீட்டுக்குப் போன் பண்ணத் தோன்றும். அதற்கு முன் மஸ்டர் லிஸ்டில், அதாவது ஆபத்து வேளையில் யாருக்கு என்ன வேலை என்ற பட்டியலில், உங்கள் பெயர் எங்கே இருக்கிறது, எந்த லைஃப் போட், என்ன வேலை என்று பாருங்கள். அபாய மணியாக ஏழு குறுகிய ஒலி, பிறகு ஒரு நீண்ட ஒலி கேட்டால் எங்கே ஓட வேண்டும் என்று அறையில் இருந்து நடந்தே பாருங்கள். படிக்கட்டு எண்ணிக்கை வரை மனதில் இருக்கட்டும்.

குமட்டல் பெரும்பாலானவர்களுக்கு வரும். வயிற்றைக் காலியாக விடாதீர்கள், உலர்ந்த பிஸ்கட்டோ ரொட்டியோ போதும். முடிந்தால் வெளியே வந்து தொடுவானத்தைப் பாருங்கள். இரண்டு மூன்று நாளில் உடம்பு பழகும். வேலை நிற்காது, வாளியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யச் சொல்வார்கள், செய்யுங்கள்.

முதல் மாதங்களில் பெரும்பாலும் துரு தட்டுவீர்கள். சிப்பிங் சுத்தியலால் தட்டி, கம்பி பிரஷ் போட்டு, நல்ல தண்ணீரில் உப்பைக் கழுவி, காயவிட்டு, பிரைமர், அதன் மேல் பெயின்ட். உப்பைக் கழுவாமல் அடித்த பெயின்ட் சில வாரத்தில் கொப்புளம் விட்டு, உங்கள் பெயரைப் போசனிடம் சொல்லிக் கொடுத்துவிடும். காதுக்கும் கண்ணுக்கும் கவசம் இல்லாமல் உட்காராதீர்கள். குப்பை விஷயத்தில் ஒன்று தெரிந்தால் போதும்: பிளாஸ்டிக் எதுவும், எந்தக் கடலிலும், எவ்வளவு தூரத்திலும் கடலுக்குள் போகக் கூடாது.

ஓய்வு நேரத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். எந்த 24 மணி நேரத்திலும் குறைந்தது 10 மணி நேரம், ஏழு நாளில் 77 மணி நேரம். அந்தப் பத்தை இரண்டு துண்டுக்கு மேல் உடைக்கக் கூடாது, ஒன்று ஆறு மணி நேரமாவது இருக்க வேண்டும். துறைமுகத்தில் இருக்கும்போது இது அடிக்கடி ஆட்டம் காணும், காகிதத்தில் எல்லாம் சரியாக இருக்கும். உங்கள் மணிக்கணக்கை ஒரு சின்ன நோட்டில் தனியாக எழுதி வையுங்கள், யாரிடமும் சண்டைக்குப் போக வேண்டாம். கையெழுத்துப் போடச் சொல்லும்போது என்ன எழுதியிருக்கிறது என்று படித்துவிட்டுப் போடுங்கள்.

வாட்ச் வேலைக்கு, அதாவது பிரிட்ஜ் எனும் கப்பலோட்டும் அறையில் முறைவைத்து நிற்க, விடும்படி நீங்களாகவே கேளுங்கள். நாள் முழுக்கத் துரு தட்டும் டிரெய்னிக்கு மாலையில் ஒரு மணி நேரம் பிரிட்ஜில் நிற்க அனுமதி கேட்டால் பெரும்பாலான அதிகாரிகள் மறுக்க மாட்டார்கள். வாட்ச்கீப்பிங் சான்றிதழுக்கு அந்த மணிநேரங்கள்தான் கணக்கு. சாப்பாட்டுக்கு இட்லிப் பொடியும் நல்லெண்ணெயும் எடுத்துப் போங்கள், பெட்டியின் எடை பார்த்து.

ஒப்பந்தம் முடிந்து இறங்கும் நாளில் எல்லோருக்கும் வீட்டு நினைப்புதான். ஆனால் இறங்கும் படியான கேங்வேயில் கால் வைக்கும் முன் சிடிசியைத் திறந்து ஏறிய தேதி, இறங்கிய தேதி, பதவி, கப்பலின் பெயர், முத்திரை எல்லாம் சரிதானா என்று பாருங்கள். கடல்காலச் சான்றிதழும் பயிற்சிப் பதிவுப் புத்தகத்தில் கையெழுத்துகளும் கேப்டன் மேசையில் இருக்கும்போதே வாங்கிவிடுங்கள். எல்லாவற்றையும் போனில் படம் எடுத்து வீட்டுக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள். ஒரு கையெழுத்து விட்டுப்போனால், அந்தக் கேப்டன் எந்தக் கடலில் இருக்கிறார் என்று தேடி, கம்பெனிக்கு மின்னஞ்சல் மேல் மின்னஞ்சலாக அனுப்பி, லீவு பாதி அதிலேயே போய்விடும்.